மீந்தது மூன்று

டோக்மோக் நகரை விட்டுக் கிளம்பும்போதே ஜிபாரா சொல்லிவிட்டாள்.

"மூட்டை இறக்குறவங்களைத் தவிர யாரும் கீழ இறங்கக் கூடாது. இறக்கினோமா, ஏறினோமா, போய்க்கிட்டே இருக்கணும். கோஷோய் அண்ணே, எஞ்சினை அணைச்சிடாதீங்க."

"ஏன், நாம என்ன உதவி பண்ணப் போறோமா, திருடப் போறோமா?" என்றார் கோஷோய். முப்பது வருஷமாக அந்த மாவு ஆலையில் லாரி ஓட்டுகிறவர். வாயை மூடிக்கொண்டு ஓட்டத் தெரியாதவர்.

ஜிபாரா சிரிக்கவில்லை. ஆலையில் மாவு கட்டும் பிரிவு அவள் பொறுப்பு. மலை ஏறிப் பழக்கம், மலைக்காரர்களிடம் பேசிப் பழக்கம், அப்பா நாரின் மலைப்பக்கத்து மேய்ப்பர் என்பதால்தான் அவளை அனுப்பினார்கள். அந்தக் காரணத்தாலேயே அவள் கிளம்புமுன் இந்த விதியைப் போட்டாள்.

ஜனவரியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. மறுநாளே உறைந்தது. மலைப் புல்வெளி முழுக்கக் கண்ணாடி போட்டு மூடினாற்போல் ஆகிவிட, ஆடுகள் குளம்பு கிழிந்து ரத்தம் வருமட்டும் சுரண்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. படுத்தது எழவில்லை. செய்தி ஆலைக்கு வந்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் மூன்று நாள் கூலியைக் கொடுத்தார்கள். அதில் புல் கட்டு வாங்கினார்கள். தவிட்டை முதலாளி சும்மாவே கொடுத்தார். போகிற வண்டியில் தன் மகன் தெமிர்லானையும் ஏற்றிவிட்டார். இதில் யாரைக் குறை சொல்வது? ஒருத்தரையும் சொல்ல முடியாது. இந்தக் கதையில் உள்ள சங்கடமே அதுதான்.

ஜிபாராவின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஊராட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்தது. வீட்டுக்காரர் பெயர், முன்பு இருந்த ஆடுகள், இப்போது மீந்தவை. முதல் வீடு: தொண்ணூறு, ஒன்றுமில்லை. இரண்டாவது: அறுபத்திரண்டு, ஒன்றுமில்லை. மூன்றாவது, சுயுன்பாய்: நூற்று நாற்பது, மூன்று. நான்காவது: எழுபது, ஒன்று.

"ஆடே இல்லாத வீட்டுக்குத் தவிடு எதுக்கு அக்கா?" என்று கேட்டான் தெமிர்லான். நல்ல பிள்ளை. தலைநகர் பிஷ்கெக்கில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்து, ஆட்டை இறைச்சிக் கடைக் கொக்கியில் மட்டுமே பார்த்தவன்.

"வசந்தத்துல சொந்தக்காரங்க ஆளுக்கொரு குட்டி கொடுப்பாங்க. அப்போ வேணும். என் கவலை அந்த வீடுங்க இல்ல. மீந்திருக்கிற வீடுங்க."

"அதுல என்ன கவலை?"

"நாம ஏழு பேர் போய் நிக்கிறோம். அறுத்துடுவாங்க."

தெமிர்லான் சிரித்தே விட்டான். "மூணே மூணு ஆட்டை வச்சிக்கிட்டு ஒருத்தன் அறுப்பானா? என்னக்கா நீங்க!"

கோஷோய் கண்ணாடி வழியாக ஜிபாராவைப் பார்த்தார்.

முதல் வீட்டில் அவள் திட்டம் பலித்தது. அறுக்க ஒன்றுமில்லாத வீடு. வீட்டுக்காரி ரொட்டித் தட்டை லாரிப் படிக்கே கொண்டுவந்து நீட்டி, "வெறும் ரொட்டி, வெறும் ரொட்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஆளுக்கொரு துண்டு பிட்டு வாயில் போட்டார்கள். பிறகு அவள், "எங்களுக்கு ஒரு ஆசி சொல்லிட்டுப் போங்க" என்றாள். ஜிபாரா உள்ளங்கைகளை விரித்து, இழந்தது திரும்ப வரட்டும் என்று சொல்லி, ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொண்டாள். தெமிர்லானும் பார்த்துப் பார்த்துச் செய்தான். இரண்டாவது வீட்டில் அவனே முந்திக்கொண்டு சொன்னான். அந்த வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உதவி செய்வதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பாவம்.

மூன்றாவது வீட்டில் திட்டம் கவிழ்ந்தது. கவிழ்த்தது காற்று. தரைப்பனியை வாரி அடித்த அடியில் மூட்டை இறக்குகிற மூன்று பையன்களுக்கும் விரல் மரத்துவிட்டது. படம் எடுக்க வந்திருந்த ஐபெரி என்ற பெண்ணுக்கு உதடு நீலம் பாய்ந்தது. சுயுன்பாயின் மனைவி புருல் வந்து, வண்டிக் கதவைத் திறந்து, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கியே விட்டாள்.

"குழந்தை விறைச்சுப் போகுது, நீங்க எஞ்சினை உறுமிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே! உள்ள வாங்க எல்லாரும். நாங்க என்ன பேயா, பிசாசா?"

உள்ளே போனார்கள். வேறென்ன செய்வது? வீட்டுப் பின்புறம் செத்த ஆடுகள் விறகு போல் அடுக்கிக் கிடந்ததை ஜிபாரா பார்த்தாள். தானாகச் செத்ததை விருந்தாளிக்கு வைக்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் அந்த மலையில் நாய்கள் மட்டும் கொழுத்திருந்தன.

தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் சுயுன்பாயைக் காணோம். ஜிபாரா கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள். அவர் தொழுவத்தில் நின்று கயிறு தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோள் அகன்ற மனிதர். நூற்று நாற்பது ஆடுகள் நின்ற தொழுவத்தில் ஒரு மூலையில் மூன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"அண்ணே, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?" என்றார், திரும்பாமலே.

"எனக்குத் தெரியாதா அண்ணே? நானும் மேய்ப்பர் வீட்டுப் பொண்ணுதான். மூணும் சினையா இருக்குமே. இதுங்களை வச்சுத்தானே நீங்க மறுபடி தலை தூக்கணும்?"

"ரெண்டுதான் சினை. இது மலடு." ஒன்றைக் காலால் மெல்லத் தள்ளிக் காட்டினார். "தங்கச்சி, முந்நூறு கிலோமீட்டர் தாண்டி ஏழு பேர் வந்திருக்கீங்க. எங்களை யாருன்னே தெரியாது. கூலியைக் கொடுத்திருக்கீங்க. வெறும் ரொட்டியைக் கடிச்சிட்டுப் போனாங்கன்னா நாளைக்கு நான் எந்த முகத்தோட ஊருக்குள்ள நடக்குறது? ஆடு போச்சு. சரி. மானமும் போகணுமா?"

ஜிபாராவுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கூட இல்லை. தன் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார் என்று தெரிந்ததால் வந்த கோபம்.

"கணவாய் மூடிடும் அண்ணே. இறைச்சி வேக மூணு மணி நேரம் ஆகும். நாங்க காத்திருக்க முடியாது. நிஜமாத்தான் சொல்றேன்."

சுயுன்பாய் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். அவருக்கும் அறுக்க மனசில்லைதானே. ஒரு வழி கிடைத்தால் வேண்டாமென்பாரா? குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ ஒண்ணு பண்ணலாம். நான் முறைப்படி இதை வாசலுக்குக் கொண்டுவர்றேன். உங்க கூட்டத்துக்குப் பெரியவர் யாரு, அந்த முதலாளி பையன்தானே? அவர் கையை விரிச்சு ஆசி சொல்லிட்டா அறுத்தே ஆகணும். அதனால கையை விரிக்காம, 'வழி தூரம், நேரமில்லை, இது உங்க வீட்டுல பெருகட்டும்'னு சொல்லட்டும். நான் கொண்டுவந்தேன், விருந்தாளிக்கு நேரமில்லை. யாருக்கும் குத்தமில்லை."

"சொல்லிடுவார் அண்ணே! நான் போய்ச் சொல்லி வைக்கிறேன். கொஞ்சம் மெதுவா வாங்க."

பனியில் முழங்கால் புதைய ஓடினாள். கொல்லைக் கதவு காற்றில் உறைந்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். தோளால் இடித்தாள். உள்ளிருந்து யாரோ தள்ள, ஒருவழியாகத் திறந்தது. சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தபோது முன்வாசல் திறந்திருந்தது. சுயுன்பாய் மெதுவாகத்தான் வந்தார். ஆனால் ஆடு மெதுவாக வரவில்லை. மனித வாடையும் தவிட்டு வாடையும் கண்டு அதுவே இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றது.

"விருந்தாளிகளே," என்றார் சுயுன்பாய், "ஆசி சொல்லுங்க."

தெமிர்லான் வாசலுக்கு நேராக நின்றிருந்தான். மெலிந்த ஆட்டையும், அதைப் பிடித்திருந்த வெடித்த கையையும் பார்த்ததும் அவன் கண் நிறைந்தது. பிழைத்த ஆட்டை வாழ்த்தச் சொல்கிறார் என்றே நினைத்தான். காலையிலிருந்து பழகியதுதானே. உள்ளங்கைகளை விரித்தான்.

"தெமிர்லான்!" என்று கத்தினாள் ஜிபாரா.

"இந்த வீட்டுல இனிமே ஒரு குறையும் வராம இருக்கட்டும். ஓமின்," என்று முகத்தைத் தடவிக்கொண்டான். பையன்களும் தடவிக்கொண்டார்கள். ஐபெரி படம் எடுத்தாள். கோஷோய் மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சுயுன்பாய் ஜிபாராவை ஒரு தரம் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"அண்ணே, அவருக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"ஆசி சொல்லியாச்சு தங்கச்சி," என்றார் அவர். ஆட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதன் மேல் ஆசி விழுந்த பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஜிபாரா கோஷோயைப் பார்த்தாள். அவர், "கை இறங்கியாச்சு, இனிமே என்னத்தைப் பேசுறது" என்று முணுமுணுத்தார். அன்று அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

குடல் கழுவப் புருலோடு ஜிபாராவும் போனாள். பெண்கள் வேலை. போகாமல் உள்ளே உட்கார்ந்திருக்கவும் அவளால் ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால், காற்று படாத சுவரோரம் வெந்நீர் வாளி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. புருல் பெரிய தட்டிலிருந்த குவியலில் கையை விட்டவள், நிறுத்தினாள்.

"மலடுன்னாரே," என்றாள் ஜிபாரா.

"அப்படித்தான் நினைச்சாரு. இல்ல, அப்படி நினைச்சுக்கிட்டாரு." புருல் குனிந்து பார்த்தாள். "ரெண்டு குட்டி இருக்கு. ஏப்ரல்ல போட்டிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டுமே பெட்டை," என்றாள்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதில் சுற்றி, பனியைத் தோண்டி உள்ளே வைத்து, மேலே வாளியைக் கவிழ்த்தாள். நாய்கள் வந்து நின்றன. புருல் ஒரு கட்டையை எடுத்து எறிந்தாள். அன்று அவள் கோபப்பட்டது அந்த நாய்களிடம் மட்டும்தான்.

"அவர்கிட்ட சொல்லிடாதே தங்கச்சி. விருந்தாளிங்க கிட்டயும் சொல்லாதே. அப்புறம் யாருக்கும் தொண்டையில இறங்காது. அறுத்தது வீணாப் போயிடும்."

"நான் எப்படி அக்கா சாப்பிடுவேன்?"

"சாப்பிடு. சாப்பிடாம போனா அவருக்கு எல்லாம் புரிஞ்சிடும்."

சாப்பிட்டாள். மூன்று மணி நேரம் கழித்து, கூடத்தில் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத் தலையைத் தெமிர்லான் முன்னால் வைத்தார்கள். காதை அறுத்து ஐபெரிக்குக் கொடுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் தடுமாற, சுயுன்பாய் அவன் கை மேல் கை வைத்து அறுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். சுயுன்பாயும் சிரித்தார். மூன்று வாரமாகச் சிரிக்காத முகம் என்று பார்த்தாலே தெரிந்தது. அதுதான் ஜிபாராவுக்கு மிகவும் தாங்க முடியாமல் இருந்தது. அந்த மனிதர் அந்த ஒரு மணி நேரம் மறுபடி வீட்டுத்தலைவராக இருந்தார்.

தெமிர்லான் எழுந்து நின்று பேசினான். "எங்கப்பா கிட்ட சொல்லுவேன். ஆலையில எல்லாரும் வந்து இதைப் பார்க்கணும். எல்லாம் போனப்புறமும் இப்படி ஒரு மனசு! அடுத்த வாரம் விற்பனைப் பிரிவுல இருபது பேர் வர்றாங்க. முதல்ல உங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன்."

சுயுன்பாய் மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். "வரட்டும். எங்க பாக்கியம்."

புருல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

லாரியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜிபாரா எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் ஆடு வந்து நின்றதற்கு என்ன அர்த்தம், அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும், வாளிக்கு அடியில் என்ன இருக்கிறது, எல்லாம். வேண்டுமென்றேதான் சொன்னாள். தனியாகச் சுமக்க அவளுக்குத் திராணியில்லை. தெமிர்லானின் முகம் செத்துவிட்டது. ஐபெரி கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

"ஏங்க்கா யாரும் எனக்குச் சொல்லலை?"

"சொல்லத்தான் ஓடி வந்தேன்."

"திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா?"

"கேட்டா, அந்த ஒரு மணி நேரத்துல அவருக்குக் கிடைச்சதும் போயிடும்."

அவன் ஆசி சொன்ன தன் கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "சரி, விற்பனைப் பிரிவை நிறுத்திடுறேன். நாம ரெண்டு ஆடு வாங்கி அனுப்பிடுவோம். நல்ல சினை ஆடா. என் சொந்தக் காசுல."

"யாரு கொண்டுபோய்க் கொடுப்பாங்க?" என்று கேட்டாள் ஜிபாரா.

"யாராவது ஒரு ஆள்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அந்த ஆள் உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

வண்டி ஓடைப் பாலத்தைத் தாண்டி வளைவில் திரும்பியது. நான்காவது வீடு தெரிந்தது. எழுபது, ஒன்று. மலையில் கைப்பேசிக் கோபுரம் நன்றாகத்தான் வேலை செய்தது. நல்ல விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சுயுன்பாய் சொல்லி வைத்திருந்தார் போலும். வேலியோரம் ஒரு மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காத்து நின்றார். அவர் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் அந்த ஒன்று நின்றது.

"நிறுத்தாம போயிடலாமா?" என்றான் தெமிர்லான்.

கோஷோய் வேகத்தைக் குறைத்தார். பின்னால் அந்த வீட்டுக்கான பன்னிரண்டு மூட்டைத் தவிடு இருந்தது.