போறேன் என்று சொன்னவள்

ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரம் என் பொறுப்பு. ஊர் தூங்கும்போது எனக்கு வேலை, ஊர் பல் தேய்க்கும்போது எனக்குத் தூக்கம். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். எட்டு மணிக்கு என் மனைவி பல் மருத்துவமனைக்குக் கிளம்புவாள். வரவேற்பு மேசையில் இருக்கிறாள். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

அவளுடைய அக்கா வீட்டில் விருந்து. வீட்டுக்காரி எப்படிக் கவனித்துக்கொள்கிறாள் என்று யாரோ கேட்டார்கள். நான் அவளைக் கைகாட்டி, "என் தலையெழுத்து" என்றேன். வேடிக்கைக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. காலையில் கதவருகே நின்று "போயிட்டு வரேன்" என்பாள். எவ்வளவு கோபத்திலும் அதை விடமாட்டாள். முன்பு ஒருமுறை நான் அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடியதற்கு, பேருந்து நிறுத்தம் வரை பின்னாலேயே வந்து திருத்திச் சொல்ல வைத்தவள் அவள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தினமும் நினைத்தேன். ஆனால் வீம்பு. விளையாட்டாய்ச் சொன்னதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்ற எரிச்சல் வேறு.

அப்போதுதான் அந்தக் கனவு ஆரம்பித்தது. அவள் பெட்டியோடு கதவருகே நிற்பாள். "போறேன்" என்பாள், போய்விடுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எழ வராது, கத்த வராது. நான்கைந்து நாள் இதே பாடு. ஆறாவது நாள் கனவுக்குள்ளேயே எனக்குப் பொறி தட்டியது. இவள் இப்படிச் சொல்லமாட்டாளே, அப்படியானால் இது கனவு. உடனே அறை பளிச்சென்று தெளிந்தது; மேசைத் துணியின் நூல்கூடத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே விழித்துத் தொலைத்தேன்.

ஆலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நாங்கள் தணல் என்று கூப்பிடுவோம். கனவை இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பதில் அவன் பழுத்தவன். கனவு கலையப் பார்த்தால் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொன்னான். வேண்டியதை நினைத்துக்கொண்டு ஒரு சொடுக்குப் போடச் சொன்னான்.

"கனவுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நீதான் முதலாளி" என்றான்.

இரண்டு வாரத்தில் கை வந்துவிட்டது. அவள் "போறேன்" என்றதும் கையைத் தேய்ப்பேன், சொடுக்குவேன், உட்காரச் சொல்வேன். பெட்டியை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். நான் மன்னிப்புக் கேட்பேன். சும்மா இல்லை, அழுதுகொண்டே கேட்பேன். "போகுது விடுங்க" என்பாள். எழுந்திருக்கும்போது மனசு லேசாக இருக்கும். மறுநாள் காலையில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேற்றுத்தானே சமாதானமானோம், இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று தோன்றும்.

இன்றைக்கு இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தேன். கண் திறந்தபோது அவள் கதவருகே, பெட்டியோடு நின்றிருந்தாள்.

"நான் போறேன்."

கனவு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. சாவகாசமாகக் கையைத் தேய்த்தேன். அவளைப் பார்த்துச் சிரித்தேன். சொடுக்கினேன்.

"பெட்டியை வெச்சுட்டு வந்து உக்காரு."

அவள் உட்காரவில்லை. இது புதிதாக இருந்தது. இன்னும் பலமாகச் சொடுக்கினேன். அவள் என் விரல்களையே பார்த்தாள்.

"கடைசியா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சரி, இன்றைக்குப் பிடி நழுவிவிட்டது, விழித்துக்கொள்வோம் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடி, ஓடி, நின்றது. காலணிக்குள் கால் வீங்கி வலித்தது. தொடையைக் கிள்ளினேன், அதுவும் வலித்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். அவள் பக்கம் காலியாக இருந்தது.

அவளுடைய அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். என் மனைவியே எடுத்தாள். தூக்கக் கலக்கம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னென்னவோ உளறினேன். பதற்றத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கேன், இன்னும் என்ன?"

"யார்கிட்ட கேட்டீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கனவு, கை தேய்ப்பது, சொடுக்கு, எதிரே வந்து உட்காருகிறவள், எதையும் விடவில்லை. அவள் கடைசி வரை கேட்டாள்.

"அவ மன்னிச்சுட்டாளா?"

"மன்னிச்சுட்டா."

"அப்ப அவகூடவே இருங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் யாரும் எடுக்கவில்லை. பதினாறு மணி நேர வேலை உடம்பில் இருக்கிறது, கண் சொக்குகிறது. ஆனால் படுக்கப் பயமாக இருக்கிறது. படுத்தால் அவள் வருவாள், சொன்னதும் உட்காருவாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, உட்காராமல் நின்றபடியே, அக்கா வீட்டு எண்ணை மறுபடியும் அழுத்துகிறேன்.