கண்ணாடிக்கு அப்பால் பத்துப் பெயர்கள்

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்துத் தறிக்காரி ஓவெல்லாவை மில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அதைப் பார்த்து டெஸ்ஸி ஹேனி சிரித்தாள். மேனேஜர் ப்ரூவெட் வடக்கேயிருந்து கரோலைனாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யாரைக் கூப்பிட்டாலும் தறி ஏன் ரெண்டு நிமிஷம் நின்றது என்று கேட்கத்தான் கூப்பிடுவார். கையை விட்டு இறங்காத ஒரு கடிகாரம் வேறு. ஆளுக்கு இருபத்துநான்கு தறி என்றிருந்ததை நாற்பதாக்கிய புண்ணியவான் அவர்தான்.

"போயிட்டு வாடி மகராசி. வரும்போது அந்தக் கடிகாரத்தப் பிடுங்கிட்டு வந்துரு," என்றாள் டெஸ்ஸி.

"எதுக்கு, உனக்குத் தாலாட்டுப் பாடவா?" என்றாள் ஓவெல்லா. வாய்தான் கேலி பேசியது, முகம் வெளிறிக் கிடந்தது.

இந்தப் பேச்சில் ஒரு சொல்லுக்கும் சத்தம் கிடையாது. எண்ணூறு தறி ஓடுகிற கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மாமியாரைத் திட்டுவதும், சோளரொட்டி கருகிய கதையும், யார் யாரோடு ஓடிப்போனாள் என்பதும் நாற்பதடி தள்ளி நின்றபடி நடக்கும். ப்ரூவெட்டுக்கு இது தெரியாது. இந்தப் பெண்கள் நாளெல்லாம் வாயில் புகையிலைப் பொடியை அதக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

போன சனிக்கிழமை கோய் டேட்டின் வைக்கோல் கொட்டகையில் பதினொரு பேர் கூடி யூனியன் அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டெஸ்ஸி அதில் ஒருத்தி. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் அந்த ஊரில் வீடு அத்தனையும் மில்லுக்குச் சொந்தம். எல்லாரையும் கூட்டிச் சேர்த்த ஆர்லீ பிக்கர்ஸ், பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி ஒவ்வொருத்தரிடமும் சத்தியம் வாங்கினாள். "கட்டின புருஷன்கிட்டகூட மூச்சு விடக்கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

டெஸ்ஸிக்குப் புருஷன் இல்லை. வெர்ஜில் நுரையீரலில் பஞ்சு அடைத்துச் செத்து மூன்று வருஷமாகிறது. ஆனால் ஓவெல்லா இருந்தாளே. வெர்ஜில் செத்தபோது ஒன்பது நாள் கூடவே இருந்து, டெஸ்ஸியின் இரண்டு பெண்களுக்கும் சோறூட்டித் தலை வாரிவிட்டவள் அவள். அவளையும் யூனியனில் சேர்த்துவிட வேண்டும் என்று டெஸ்ஸிக்கு ஒரே தவிப்பு. திங்கட்கிழமை தறிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நின்ற ஓவெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஆர்லீயக்கா இருக்கு, கோய் இருக்கான், பெஸ் மங்கர் இருக்கா. நீ எதுக்குடி பயப்படுற?" என்று பத்துப் பேரையும் வரிசையாகச் சொன்னாள். அந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது, இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா என்றுதான் அவள் நினைத்தாள்.

மேனேஜரின் அறை கூடத்தின் கோடியில், பத்துப் படி உயரத்தில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ப்ரூவெட் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே நின்ற ஓவெல்லாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. டெஸ்ஸி அறுந்த பாவு நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். வேடிக்கை பார்க்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை.

ஓவெல்லாவின் உதடு சொன்னது: "ஆர்லீ பிக்கர்ஸ்."

டெஸ்ஸி தன் கண்ணை நம்பவில்லை. ஆர்லீயைப் பற்றி வேறு ஏதாவது பேச்சாக இருக்கும் என்று நினைத்தாள்.

"கோய் டேட். பெஸ் மங்கர்."

திங்கட்கிழமை தான் சொன்ன அதே வரிசை. ஒன்று பிசகவில்லை. பெயர் பெயராக வர, தன் வாயே அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அசைவதைப் பார்ப்பது போலிருந்தது டெஸ்ஸிக்கு. அவள் தறி ஒன்றில் நூல் அறுந்து, கையகலத்துக்குத் துணி பாழாகி ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷத்தில் அவள் தறியில் அப்படி நடந்ததே இல்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்துப் பெயரும் வந்துவிட்டது. இனி வரப்போவது தன் பெயர்தான் என்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ப்ரூவெட் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஓவெல்லா தலையை வேகமாக ஆட்டினாள். "டெஸ்ஸியா? இல்ல சார். அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குழந்தைங்கமேல சத்தியம்."

அப்பாடா என்றிருந்தது டெஸ்ஸிக்கு. ஒரு கணம் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அடுத்த கணமே தன்மேலேயே அருவருப்பு வந்தது. பத்துக் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது, அப்பாடாவா?

ஓவெல்லா இறங்கி வந்து தன் தறிப் பக்கம் நின்றாள். "லீவு கேட்டேன். மனுஷன் குடுக்கல," என்றாள்.

டெஸ்ஸி இடைவேளையில் ஓடிப்போய் ஆர்லீயிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லப்போனால் முதல் கேள்வி, ஓவெல்லாவுக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தானே இருக்கும்? அந்தப் பயத்தில் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அது அவள் செய்த இரண்டாவது தப்பு.

வியாழக்கிழமை காலை பத்துப் பேரையும் ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டுச் சீட்டைக் கிழித்தார்கள். வெளியே போக இருந்த ஒரே வழி டெஸ்ஸியின் தறிகளுக்கு நடுவேதான். கோய் தலை குனிந்து போனான். பெஸ் அழுதுகொண்டே போனாள். கடைசியாக வந்த ஆர்லீ நின்று அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பதினொண்ணுல பத்து போச்சு. நீ மட்டும் எப்படிடி நின்ன?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். கூடத்தில் அத்தனை கண்ணும் டெஸ்ஸி மேல்தான். ஆர்லீயின் உதடு சொன்னதைக் கூடமே படித்திருந்தது.

டெஸ்ஸி தறியைச் சுற்றிக்கொண்டு ஓவெல்லாவின் முன்னால் போய் நின்றாள். "நேத்து நீ பேசினத நான் பாத்தேன்."

ஓவெல்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடி இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நேற்றுப் பயத்தில் அது நினைப்பில் இல்லை. "ஹார்லனுக்குக் கை போயிடுச்சு. வீடு புருஷன் பேருல இருக்கு, அவருக்கு வேல இல்லேன்னா காலி பண்ணணுமாம். பேரச் சொன்னா வீடு இருக்கும்னாரு. கைப்புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

"அப்போ என்னை எதுக்குடி விட்ட? பத்தோட பதினொண்ணாச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

ஓவெல்லா அவளைப் புரியாமல் பார்த்தாள். "அவங்கல்லாம் எனக்கு யாரு? எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதானேடி."

அடித்திருந்தால் டெஸ்ஸி திருப்பி அடித்திருப்பாள். இவளோ பாசம் என்று ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? டெஸ்ஸி தன் தறிகளிடம் போனாள். ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நாற்பதையும் நிறுத்த வெகுநேரம் பிடித்தது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் ப்ரூவெட் எழுந்து நின்று கத்துவது தெரிந்தது. என்ன கத்துகிறார் என்று படிக்க அவளுக்கு மனமில்லை. தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு அப்படியே வெளியே நடந்தாள்.

நடுப்பகலுக்குள்ளேயே மில்லின் காவல்காரர்கள் ஆர்லீயின் வீட்டைக் காலிசெய்யத் தொடங்கியிருந்தார்கள். கட்டில், நாற்காலி, பாதி வெந்த பீன்ஸோடு பானை, எல்லாம் செம்மண் தெருவில் கிடந்தது. கோயும் பெஸ்ஸும் மற்றவர்களும் கூட நின்றார்கள்.

"வாங்கம்மா," என்றாள் ஆர்லீ. "சாமான் எண்ணிட்டு வரச் சொல்லி மேனேஜர் அனுப்பினாரா?"

"நான் தறிய நிறுத்திட்டு வந்துட்டேன்க்கா. எனக்கும் வேல இல்ல இனிமே."

ஆர்லீயின் முகம் கொஞ்சம் இளகியது. கிட்டே வந்தாள். "அப்ப யாருடி சொன்னது? உனக்குத் தெரியும்னு உன் மூஞ்சியே சொல்லுது."

ஓவெல்லா என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் போதும், இந்த நிமிஷமே டெஸ்ஸி இவர்களில் ஒருத்தியாகிவிடலாம். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அதற்குப் பின்னால் வருகிற கேள்வி அப்படியேதான் நின்றது. அதற்குப் பதில் ஒன்றுதான்.

"நான்தான்கா. என் வாயிலேர்ந்துதான் போச்சு."

ஆர்லீ ஓங்கி அறைவாள் என்று டெஸ்ஸி கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஆர்லீ கையைத் தூக்கவே இல்லை. அவள் வாய் கோணிக்கொண்டு போனது.

"நீ இல்லேன்னு சொல்லுவேன்னுதான்டி கேட்டேன்," என்றாள்.

பிறகு திரும்பிப்போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். டெஸ்ஸி ஓடிவந்து கால்மாட்டில் குனிந்தாள்.

"அதத் தொடாத."

டெஸ்ஸி கையை எடுத்துவிட்டாள். கோய் வந்து அவள் நின்ற இடத்தில் நின்று கட்டிலைத் தூக்கினான். அவனும் ஆர்லீயும் அதைச் சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள்.