ஏழாம் நம்பர் மலையின் மிலாறு

என் தங்கை வினோதா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மலையையும் மழையையும் கணினிக்குள் போட்டு ஆராய்ச்சி செய்கிறாள். 2005 தீபாவளிக்கு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் பலகாரம் சுட உதவாமல், எங்கள் லயத்து வீட்டு வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இங்க மழை எப்ப வரும்னு யாரு கேட்டா? எப்ப வராதுன்னு கண்டுபுடி" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இலை மூடிய மலை குளிர்ந்திருக்கும், மேகம் அதன்மேல் பரவலாகத் தூறிவிட்டுப் போகும் என்றாள். மூடாத மண் காலை வெயிலில் சூடேறி, மேகத்தைத் தன் தலைக்கு மேலேயே திரட்டிக்கொள்ளும். கொட்டுகிற மழை மண்ணை அள்ளிப்போகும். மண் போனால் இலை ஏது? இலை இல்லாவிட்டால் இன்னும் சூடு.

திரையில் எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலை பச்சையாக, அதாவது மண் மூடியதாக இருந்தது. அதன் அடியில்தான் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். என் மகளும் அங்கேதான் இருந்தாள்.

"அது போன மாசம் கவ்வாத்து வெட்டுன மலையாச்சே. மொட்டையா நிக்குது, நீ பச்சையாக் காட்டுற?"

"வெட்டுன மிலாறெல்லாம் மண்ணு மேலயே கெடக்கும்ல அண்ணே. அதுதான் மூடாக்கு. அப்புடித்தான் கணக்குல போட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே திரும்பியவள், எங்கள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த தேயிலைக் குச்சிகளைப் பார்த்தாள்.

"இது எங்கருந்து?"

"ஏழாம் நம்பர்லதான். தீபாவளி அடுப்புக்கு எல்லாருந்தான் அள்ளிக்கிட்டு வந்தாங்க. ஏன், நீ சுமந்ததில்லையா?"

அவள் எழுந்து லயத்தைப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் மிலாறு அடுக்கியிருந்தது. உட்கார்ந்து கணக்கை மாற்றினாள். ஏழாம் நம்பர் மலை சிவந்து போனது.

"ஒரு வாரமா காலையில வெயிலு, மத்தியானம் மழையாண்ணே?"

"ஆமா."

"மலை சரிஞ்சு வரலாம்ணே. புள்ளைங்கள வெளிய எடுக்கணும்."

அவள் மடிக்கணினியை வாசலிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். என் கேலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் ஓடும்போதே மலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளைக் காம்பரா ஆயா நாகலெட்சுமி அக்கா வாசலை மறித்தார். "தோட்டத்துத் தொரை சொல்லாம புள்ளைங்கள விட்டா என் வேல போயிரும் மாஸ்டர்."

"தொரைக்கு நா பதில் சொல்லிக்கிறேன். வழிய விடுங்க."

என் மகளை முதலில் தூக்கினேன். மற்றக் குழந்தைகள் தொட்டிலுக்குள்ளிருந்து என்னையே பார்த்தன. பயத்தில் அந்த அக்காவைக் கண்டபடி ஏசிவிட்டேன். அவர் அழுதுகொண்டே ஆளுக்கொரு குழந்தையாக எடுத்துக்கொடுக்க, மழைக்குப் போர்த்தும் கொங்காணிக்குள் பொத்தி, கொட்டுகிற மழையில் ஓடைக்கு எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தோம். சனிக்கிழமை. அங்கே நான்தான் வாத்தியார் என்பதால் பள்ளிச் சாவி என்னிடம்தான் இருந்தது.

மழை விட்டது. மலை அப்படியே நின்றது.

கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த தாய்மார் எங்களைப் பிடித்து உலுக்காத குறைதான். "கம்பியூட்டரு பேச்சக் கேட்டு பச்சப் புள்ளைங்கள நனைச்சீங்களா?" என்று கேட்டவள் என் மனைவி சண்முகவடிவு. வினோதா தலையைத் தூக்கவில்லை. எனக்கு அந்த ஏச்சு ஆறுதலாகத்தான் இருந்தது. பொய்யாகவே போகட்டும் என்று நினைத்தேன்.

நாகலெட்சுமி அக்கா காம்பராவைப் பூட்டப் போனார். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கலாமென்று நானும் பின்னால் போனேன். அவர் கட்டடத்தின் பின்புறம் நின்றுகொண்டிருந்தார்.

"கானுல தண்ணியே வரல மாஸ்டர். இம்புட்டு மழைக்கும்."

மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் கான் வறண்டு கிடந்தது. நாங்கள் அதன் வழியே மேலே ஏறினோம். கொஞ்ச தூரத்தில் மண் குறுக்காக வெடித்திருந்தது. மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த குடையை உள்ளே விட்டார். கைப்பிடிவரை இறங்கியது.

அவர் கீழே வந்து, காம்பராவுக்குள் போய்த் தொட்டில் சீலைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

"திங்கக்கெழமை யாரு கேட்டாலும் தொட்டில் இல்லேன்னு சொல்லிர்றேன். வேல போனாப் போவுது" என்றார்.

நான் கைநீட்டிச் சீலைகளை வாங்கிக்கொண்டேன். வெளியே மேகம் கலைந்து வானம் துப்புரவாக இருந்தது. கீழே எங்கள் லயத்தின் கூரைகளுக்கு மேல் மிலாறு எரியும் அடுப்புகளின் புகை எழுந்துகொண்டிருந்தது. நாளைக்கு நல்ல வெயில் அடிக்கும், மத்தியானம் மலைக்கு மேல் மறுபடி மேகம் திரளும் என்று நினைத்தேன். மிச்சத் தொட்டில்களை நானும் அவிழ்க்கத் தொடங்கினேன்.