பனி கரையாத கூரை

மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் முதலில் கிளம்பியது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஒற்றைக் கட்டடம் அது. மேலே தகரம், அதற்குக் கீழே பலகைச் சீலிங். மார்கழி பிறந்துவிட்டால் அதற்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான். பிள்ளைகள் மாறி மாறி இருமினார்கள். இனிமேல் எல்லாரும் கீழ் டிவிஷன் காம்பராவுக்கே கொண்டுபோய் விடட்டும் என்று தோட்டத்து நலன்புரி அதிகாரி கனகலிங்கம் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் விடியுமுன் இடுப்பில் பிள்ளையோடு அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கி, மறுபடி ஏறிவந்து பெரட்டில் நிற்பது என்ன பாடு என்று அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். காம்பரா மூடினால் பாதிப் பேர் பிள்ளையைத் தங்கள் லயத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். கனகலிங்கத்திடம் போய்க் கெஞ்சினாள். பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் வந்து பார்ப்பேன், அப்போதும் உள்ளே இதே குளிர் அடித்தால் மூடுவதுதான் என்று தவணை கொடுத்தார்.

அவள் புருஷன் கஜேந்திரனுக்கு நோர்வூட்டில் மர ஆலையில் வேலை. அங்கே காலையில் கொண்டுபோகும் தேத்தண்ணிப் போத்தலை மரத்தூள் குவியலுக்குள் புதைத்துவைப்பார்கள். இடைவேளையில் எடுத்தாலும் நாக்கைச் சுடும். இந்தக் கதையை அவன் வருஷக்கணக்காகச் சொல்கிறான், அவளும் கேட்டுச் சலித்திருக்கிறாள். அன்றுதான் உறைத்தது. போத்தல் சூட்டைப் பிடித்துவைக்கிற தூள் வீட்டுச் சூட்டைப் பிடிக்காதா?

ஓடையோரம் கொட்டி அழுகவிடுகிற தூள்தானே, அள்ளிக்கொண்டு போங்கள் என்றார் ஆலைக்காரர். சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் அதைப் பரப்புவதென்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் திரண்டு போனார்கள். சுமப்பதற்கு அவர்களிடம் வேறென்ன இருக்கிறது? கொழுந்துச் சாக்கில் அடைத்து முதுகில் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசியபடி மலையேறினார்கள். காரியம் கெட்டது அந்தச் சாக்கில்தான்.

தூளிலிருந்த டர்பன்டைன் மரத்தின் காட்டமான தைல வாசம் சாக்கில் ஏறி, மறுநாள் சாக்கிலிருந்து கொழுந்தில் ஏறியது. தேயிலைக்கு மூக்கு நீளம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். பெக்டரியில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கர் சுதாகரன் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைய கொழுந்து முழுவதையும் வெளியே கொட்டச் சொன்னார். எத்தனை பெண்களின் ஒரு நாள் உழைப்பு. யார் செய்த வேலை என்று விசாரித்துக்கொண்டு நேரே காம்பராவுக்கே ஏறிவந்தார்.

ஜீவராணி தலைகுனிந்து நின்றாள். அவர் திட்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. திட்டிக்கொண்டே முற்றத்துக் குவியலில் ஒரு பிடி அள்ளினார். வாட்டிய கொழுந்தைப் பதம் பார்த்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? இறுக்கிப் பிடித்து விரித்தார். தூள் கொழுக்கட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. கோபம் பாதியில் நின்றுபோயிற்று.

“இத இப்படியேவா மேல போடப் போறீங்க? இவ்வளவு ஈரத்துல பூஞ்சணம் புடிச்சா புள்ளைங்க நெஞ்சுக்குத்தான் கேடு. கொழுந்த வாட்டுற மாதிரி இதையும் பரப்பிக் கெளறி விடுங்க. புடிச்சிட்டுக் கைய விரிச்சா உதிரணும். அதுதான் பதம்.” படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். “பெக்டரி பக்கம் மட்டும் கொண்டு வந்தீங்க, தொலைச்சிருவேன்.”

அந்த வசவையே உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். சாக்குகளை வெந்நீரில் அலசி, வாசம் போகும்வரை காயவிட்டார்கள். தார்ப்பாய்களில் தூளைப் பரப்பி, வெயில் வந்தால் கிளறி, பனிமூட்டம் இறங்கினால் ஓடிவந்து மூடினார்கள். காய்ந்ததைக் கறையான் அண்டாதபடி சுண்ணாம்பு கலந்து, கழுவிய உரப்பைகளில் கட்டினார்கள். கஜேந்திரன் சீலிங்குக்குப் புதுச் சட்டம் அடித்து, கரண்ட் வயரைத் தள்ளிக் கட்டிவிட்டு, பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினான்.

பொங்கல் கழிந்தது. ஒருநாள் காலையில் மலை முழுவதும் வெளுத்து விடிந்தது; புல்லிலும் தகரத்திலும் உறைபனி. பார்த்து வைத்தாற்போல் அன்றுதான் கனகலிங்கம் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

லயத்துக் கூரைகளில் பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக் காம்பராவின் கூரையில் மட்டும் ஒரு பொட்டுக்கூடக் கரையாமல் வெள்ளையாகக் கிடந்தது. எதிரே பெரட்டில் நின்ற பெண்கள் அதை ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டினார்கள். இத்தனை பாடும் வீண்தானா என்று தூள் சுமந்தவர்களில் ஒருத்தியான சண்முகவடிவு முணுமுணுத்தாள்.

“இஞ்ச பாருங்கோ, ஊரிலேயே குளிரான கட்டடம் இதுதான். இதுக்குள்ள பிள்ளையள எப்பிடி வைக்கிறது?” என்றார் கனகலிங்கம்.

ஜீவராணி போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே காலடி வைத்ததுமே அவருடைய மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டது. கழற்றித் துடைத்தார், மறுபடி படிந்தது. பால் காய்ச்ச விடியலில் மூட்டிய சின்ன அடுப்பு அணைந்து வெகுநேரமாகிவிட்டிருந்தது. தொட்டிலில் ஒரு குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, கைகளை விரித்துத் தூங்கியது. ஒரு இருமல்கூட இல்லை. கனகலிங்கம் சீலிங்கைப் பார்த்தார், மப்ளரை அவிழ்த்தார், வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். பிறகு தன்னை நினைத்துத் தானே சிரித்தார்.

“லயத்துச் சூடெல்லாம் தகரத்தால வெளிய போய்ப் பனியைக் கரைக்குது. உங்கட சூடு உள்ளுக்கேயே நிக்குது. அதுதான் மேல கரையேல்ல.” பெரட்டுக்கே கேட்கும்படி சொன்னார். “இத மூட ஏலாது. கீழ் டிவிஷனுக்கும் இப்பிடிச் செய்து தருவியளோ?”

ஜீவராணிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. “செஞ்சிரலாங்கய்யா. சாக்கு மட்டும் நீங்க குடுங்க.”

பெரட்டே சிரித்தது. பேர் பதிந்துகொண்டிருந்த கணக்குப்பிள்ளை அதட்டியும் அடங்கவில்லை. மலையேறும்போது தாய்மார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் பிள்ளைகள் தூங்கும் கூரையில் பனி இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.