மில் வீட்டுப் பக்தர்கள்

பெக்விட் குடும்பம் எங்கள் நெதர்கோம் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு, உள்ளே நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் தூக்கம். ஜொலியன் பெக்விட் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் முன்வரிசை காலியாக இருப்பதற்கென்றே செய்து போட்டது. ஜெபம் என்றதும் நாங்கள் வழக்கம்போல, விழுந்த பொத்தானைத் தேடுகிறவர்கள் மாதிரி லேசாகக் குனிந்தோம். அவர் தடாலென்று முழங்கால் போட்டார். பாட்டுப் பாடும்போது எங்களுக்கு அரை அடி முன்னால் ஓடினார். மனைவி டாம்சின் கண்களை மூடி உருகிக்கொண்டிருந்தாள். மூன்று வயது மகள் ஆட்டிலி மட்டும், "எப்பப்பா முடியும்?" என்று உரக்கக் கேட்டாள். அந்தக் குடும்பத்திலிருந்து அன்று வந்த ஒரே உண்மையான பிரார்த்தனை அதுதான்.

என் பெயர் ஹிலரி ப்ராஸர். கோயில் வார்டன், அதாவது கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிறவள். வாசலில் இருக்கும் வருகைப் புத்தகம் என் பொறுப்பு. அவர்கள் வாடகைக்கு வந்திருந்த மில் வீடும் என்னுடையதுதான். எனவே இந்தக் கதையில் யாரையாவது திட்ட வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் முகவரி தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு வருடத்துக்குப் பதினைந்து இடம். சுற்றுவட்டாரத்தில் அதை அடித்துக்கொள்ள வேறு பள்ளிக்கூடம் கிடையாது. கோயிலுக்கு ஒழுங்காக வருகிறார்கள் என்று பாதிரியார் ஜனவரியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி வருகிறவர்களிலும் எங்கள் சேகர எல்லைக்குள், அதாவது இந்தக் கோயிலுக்கு உட்பட்ட பகுதிக்குள், குடியிருப்பவர்களுக்கு முதலிடம். மிச்சம் இருந்தால்தான் வெளியே இருப்பவர்களுக்கு. ஆகவே வருடா வருடம் ஜூலை மாதத்தில், ஹெரஃபோர்ட் நகரத்தில் சொந்த வீடும் நல்ல வேலையும் உள்ள பெற்றோருக்குத் திடீரென்று ஆண்டவர் ஞாபகம் வரும். இங்கே ஒரு வீடு பிடிப்பார்கள். ஏப்ரலில் இடம் கிடைத்த கடிதம் கைக்கு வந்ததும் பக்தியும் வாடகை ஒப்பந்தமும் ஒன்றாக முடிந்துவிடும்.

பெக்விட்டுகளுக்கு முன்னால் அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்தவள் கெர்ரி பஃப்டன். பண்ணையில் பால் கறக்கும் வேலை. விடியற்காலை நாலு மணிக்குப் போனால் எட்டுக்குத்தான் திரும்புவாள். புருஷன் கிடையாது. அவள் வரும்வரை குழந்தை ஜோசிக்கு அவள் தங்கை துணை. முதல் ஞாயிறு கோயிலில் தூங்கிய இரண்டு பேரில் ஒருத்தி இந்தக் கெர்ரிதான். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது அல்லவா, கறந்துவிட்டு அப்படியே வருவாள், தூங்குவாள், ஆனால் ஒரு வாரம் தவறமாட்டாள். ஜோசிக்கும் ஆட்டிலியின் வயதுதான். மில் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு கல்சுவர். அதன் மேல் எட்டிப் பார்த்துப் பார்த்தே அந்தக் குழந்தை, விளையாடுகிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தது.

கூரையைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி மே மாதம் கெர்ரியைக் காலி செய்ய வைத்தேன். கூரைக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு மடங்கு வாடகை தருகிறவர்கள் நகரத்தில் இருந்தார்கள், விஷயம் அவ்வளவுதான். அவளுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு அறை கிடைத்தது. ஆறுதான் எங்கள் சேகர எல்லை. ஜோசிக்கு இங்கே இடம் கிடைக்காவிட்டால் பதினொரு மைல் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடம்தான். அதற்கு ஏழரைக்கே காரில் கிளம்ப வேண்டும். தங்கைக்குக் கார் ஓட்டத் தெரியாது. கெர்ரி கறவை வேலையை விட வேண்டியதுதான். அதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் கெர்ரி என்னை மடக்கினாள்.

"மிஸஸ் ப்ராஸர், கூரை வேலை எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"மழை நிக்கட்டும்னு பாக்கறேன் கெர்ரி."

"ஹெரஃபோர்ட்ஷயர்லயா? இங்க மழை என்னிக்கு நின்னுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெக்விட்டுகள் மில் வீட்டில் 'வசித்த' அழகைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை பெரிய கார் வரும், ஞாயிறு மதியம் போய்விடும். மற்ற நாட்களில் சமையலறை விளக்கு மட்டும் குடும்பம் நடத்தும். சரியாக ஆறு மணிக்குத் தானாக எரியும், பத்துக்குத் தானாக அணையும். அக்டோபரில் குளிர்கால நேரத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைத்தபோது அதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஐந்துக்கு எரிந்து ஒன்பதுக்குப் படுத்தது. அறுப்புப் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைத்தோம். டாம்சின் இவ்வளவு பெரிய பூசணிக்காய் கொண்டுவந்தாள். "எங்க மில் வீட்டுத் தோட்டத்துல வந்தது" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. "அருமையான பூசணி" என்று எல்லோரும் சொன்னோம். வேறென்ன சொல்வது? நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

ஒரு சனிக்கிழமை கொதிகலனைப் பார்க்க உள்ளே போனேன். குளியலறையில் மூன்று பல் துலக்கும் பிரஷ்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. ஆட்டிலி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் அறையைக் காட்டினாள்.

"இது எங்க கோயில் வீடு. நெஜ வீட்டுல எனக்கு ஊஞ்சல் இருக்கு, தெரியுமா?"

டாம்சின் முகம் சிவந்தது. "குழந்தைங்க கற்பனையே தனி, இல்ல?" என்றாள்.

எங்கள் பாதிரியார் கிளைவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்டோபரில் மேலிடத்துக்குத் தலை எண்ணிக்கை அனுப்ப வேண்டும். ஒன்பது, பன்னிரண்டு ஆகியிருந்தது. "ஹிலரி, வர்றவங்க மனசுக்குள்ள புகுந்து பாக்கறது நம்ம வேலை இல்லம்மா" என்றார். ஜனவரியில் பெக்விட்டுகளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கெர்ரியின் படிவத்திலும் அதே பேனாவால் போட்டார்.

பிப்ரவரியில், பள்ளி இடங்களை ஒதுக்கும் கவுன்சிலிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மில் வீட்டில் யாருமே குடியில்லை என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரி என்ற முறையில் நான் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் ஆட்டிலியின் இடம் போகும். எல்லைக்கு வெளியே இருப்பவர்களில் முதல் பெயர் ஜோசி. அது எனக்குத் தெரியும்.

அவருக்கும் ஒரு கடிதம் போயிருக்க வேண்டும், அந்தச் சனிக்கிழமையே ஜொலியன் ஒரு ஒயின் பாட்டிலோடு வந்துவிட்டார்.

"ஊர்ல யாருக்கோ வயித்தெரிச்சல், ஹிலரி. நாங்க இங்கதான் இருக்கோம்னு ரெண்டு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுது."

"நீங்க இங்கயா இருக்கீங்க?"

"மனசெல்லாம் இங்கதான்."

"பல்லு மட்டும் ஹெரஃபோர்ட்ல தேய்க்கறீங்க."

அவர் சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்லா பேசறீங்க. ஆனா பாருங்க, 'பள்ளிக்கூட எல்லைக்குள்ள வீடு, சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஏற்றது'ன்னு விளம்பரத்துல போட்டது நாங்க இல்ல, நீங்க. எங்க நண்பர் குடும்பம் ஒண்ணு அடுத்த வருஷத்துக்கு வீடு தேடறாங்க. தங்கமான மனுஷங்க. உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன்."

அவர் போன பிறகு கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜோசியை நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அதே வெட்கத்தோடு, 'மேற்கண்ட குடும்பம் ஜூலை முதல் என் வீட்டில் வசித்துவருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒயினும் நன்றாகவே இருந்தது.

ஏப்ரலில் ஆட்டிலிக்குப் பதினைந்தாவது இடம் கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிறு முன்வரிசை பழையபடி காலி. கிளைவ் மட்டும் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மே மாதம் பெக்விட்டுகள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரஷ்களை உறையோடு எனக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுவாரம் கெர்ரி ஃபோன் செய்தாள். குரலில் பழைய குத்தல் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"மிஸஸ் ப்ராஸர், மில் வீடு காலியாயிடுச்சாமே. காத்திருப்போர் பட்டியல்ல ஜோசிதான் முதல்ல இருக்கா. ஆனா எல்லைக்குள்ள இருக்கற வேற யாராவது கேட்டா எங்களைத் தாண்டிப் போயிடுவாங்களாம். நாங்க திரும்பி அங்க வந்துட்டா அந்தப் பயம் இல்ல. வாடகை கூடக் கொஞ்சம் சேத்துத் தர்றேன். செப்டம்பர் வரைக்கும்தான் பண்ணைல டைம் குடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

"அடடா கெர்ரி," என்றேன், "போன வாரம்தான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சேன்."

"யாரு?"

"ஹெரஃபோர்ட்காரங்க."

அவளுக்குப் பின்னால் ஜோசி யாரோடோ விளையாடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"குழந்தை இருக்கா அவங்களுக்கு?"

"ஒண்ணு."

"என்ன வயசு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் வாய் ஒத்துழைக்கவில்லை.

"போன மாசம் மூணு முடிஞ்சுது."

"அப்ப சரி," என்றாள் கெர்ரி. "கோயில்ல தலை எண்ணிக்கைக்குக் குறைச்சல் வராது. பாதிரியார்கிட்ட சொல்லிடுங்க, பாவம், கதவையே பாத்துட்டு நிக்கறாரு."