கூடவா, குறைவா

கண்ணாடிக் கடைக்காரர் தொலைக்காட்சிப் போட்டியின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். மேடையில் நின்றவள் அவருடைய மனைவி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவள். அவளுடைய வேன் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். அலுத்துப்போய்ச் சில வீட்டார் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் ஒன்றிரண்டு வீடு போனால் தொழிலுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். பரிசாக மேடை ஓரத்தில் நின்ற புது வேனை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் கவனம் சிதறும் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். ஒரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பலகையில் ஒரு பொய் விலை தெரியும். உண்மை விலை அதைவிடக் கூடவா, குறைவா என்று சொல்ல வேண்டும். மூன்று பொருளுக்கும் சரியாகச் சொன்னால் வேன், ஒன்று தப்பினாலும் வெறுங்கை. கூட்டத்தில் இருப்பவர்கள் ‘கூட’ என்றோ ‘குறைவு’ என்றோ தொண்டை கிழியக் கத்தலாம். விலையை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அத்தோடு ஆட்டம் ரத்து.

சோபாவுக்கும் சலவை இயந்திரத்துக்கும் அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவதாக உருட்டி வரப்பட்டதைப் பார்த்ததும் அவர் கைக்குட்டையை முறுக்குவதை விட்டுவிட்டார். கியர் வைத்த சைக்கிள். போன வருடம் டாக்டர் சொன்னார் என்று சாக்குச் சொல்லி அவர் வாங்கியதும் இதே சைக்கிள்தான், நிறம்கூட மாறவில்லை. நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வாய் கூசாமல் பன்னிரண்டாயிரம் என்றார். பாவம், அவளும் நம்பி, தன் வீட்டுக்காரரின் சாமர்த்தியத்தைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அதன் பிறகு மனிதர் அதில் ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பலகை இருபத்தைந்தாயிரம் என்றது. அவள் முகம் மலர்ந்தது.

“இது எங்க வீட்லயே இருக்குங்க. இதோட விலை எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள் ஒலிவாங்கியில்.

தெரிந்தவள் சொல்லிவிட்டாள் என்று கூட்டமே ‘குறைவு, குறைவு’ என்று கத்தத் தொடங்கியது. அந்த நேரத்திலும் கடைக்காரரின் குறுக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. தள்ளுபடியில் வாங்கினேன் என்று பின்னால் சமாளித்துக்கொள்ளலாம், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்றது. அப்போது அவள், அதுவரை பார்க்காமல் இருந்த வேனை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே தனக்குச் சொந்தமாகிவிட்ட வண்டியைப் பார்க்கும் பார்வை அது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுந்து நின்று “கூட!” என்று கத்தினார். கூட்டத்தின் இரைச்சலில் அது எடுபடவில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி கத்தினார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் கத்துவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். அவள் திரும்பினாள்.

தொகுப்பாளர் முடிவான பதிலைக் கேட்டார். அவள் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவர் சொன்ன விலை ஒன்று, இங்கே அவர் கத்துவது ஒன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை, எதை நம்புவது? அவர் தலைகுனியாமல், ஆமாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். அவள் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“கூட” என்றாள்.

பலகை புரண்டது. நாற்பத்திரண்டாயிரம். வண்ணக் காகிதம் கொட்டியது, வாத்தியம் முழங்கியது. யாரோ அவரைப் பிடித்து மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் வேனைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லோரும் கைதட்ட அவரைக் கட்டிப்பிடித்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் காதோரம் மெதுவாகக் கேட்டாள்: “வேற என்னென்ன சொல்லியிருக்கீங்க?”

கேமராக்காரர் இரண்டு பேரையும் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள்.