வாலில்லாத நாகபூஷணி

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்மாளின் பெயரை வைக்காத கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மீன் விற்கிற கடை. மற்றதெல்லாம் நாகபூஷணி. நயினாதீவுக்கு லோஞ்ச் படகு ஏறுகிற இடத்தில், கடலுக்கு அப்பால் அம்மாள் கோயில் கோபுரம் தெரியத் தெரிய, வேறு பெயரை எழுதித் தொங்கவிட எவருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரித்துக் காட்டியது பெயருக்குப் பின்னால் வருகிற இங்கிலீசுத் துண்டுதான். அதை ஊரார் வால் என்றார்கள்.

முதலில் வந்தவர் ‘ஸ்ரோர்ஸ்’ என்பதை எடுத்துக்கொண்டார். அடுத்தவர் ‘அன் சன்ஸ்’ போட்டார்; அந்தச் சன்ஸ் இருவரும் ஜேர்மனியில் இருந்தார்கள், கடைவாசல் எந்தத் திசை பார்த்தது என்பதே அவர்களுக்கு மறந்திருக்கும். ‘அன் பிறதர்ஸ்’ கடைச் சகோதரர்கள் ஒரு வேலி வழக்கோடு பேச்சை நிறுத்தியவர்கள். ஒரே மேசையின் இரண்டு நுனியிலும் இருந்துகொண்டு, சாமான் வாங்க வருகிறவர்கள் மூலம் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள். ‘அன் கோ’ தனிக்கட்டை. ‘மோட்டோர்ஸ்’ சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டது. ‘கூல் பார்’ சோடாப் போத்தில்களை ஈரச்சாக்கால் மூடி வைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டி வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லா வாலிலும் நீளமான வால் பரமலிங்கத்தாருடையது: நாகபூஷணி இன்ரர்நஷனல். அங்கே விளக்குச் சிமினி, வெற்றிலை, தும்புக்கயிறு விற்றார்கள். மலேசியாவிலிருந்து யாருக்கோ வந்த பார்சல் ஒன்று ஒருமுறை விலாசம் தவறி அவர் கடைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கடை சர்வதேசமாயிற்று.

பரமலிங்கத்தார் அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர், சமாதான நீதவான், துறைமுக வர்த்தகர் சங்கத்தின் தலைவர். பிறர் வீட்டுக் கதிரையில் அவர் உட்காருவதில்லை. கூட்டம் எங்கே நடந்தாலும் அவருடைய கைபிடிக் கதிரை முன்னால் போகும். அவர் பின்னால் போவார். வால்களைப் பங்கிடுகிற அதிகாரமும் அந்தக் கதிரையிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வருகிற மூட்டைகள் கடைமாறிப் போய்ச் சண்டை மூண்ட ஒரு காலத்தில், அவரே ஒரு தீர்மானம் எழுதி நிறைவேற்றியிருந்தார். அம்மாளின் திருநாமத்தை எவரும் சூட்டலாம். ஒருவர் சூட்டிய வாலை மற்றொருவர் சூட்டலாகாது. சங்கம் ஏற்காத கடைக்குத் திருவிழாக் காலத்தில் மூட்டை இறங்காது.

இந்தத் துறையில்தான் யோகம்மா கடை போட வந்தாள்.

அவளும் கணவர் அப்புத்துரையும் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் நாகபூஷணி ஸ்ரோர்ஸ் நடத்தியவர்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அது எரிந்தது. அகதிக் கப்பலின் மேல்தட்டில், உடுத்த சீலையோடு இருந்தபடி, அடுத்த கடைக்கும் உன்ரை பேர்தான் தாயே என்று யோகம்மா நேர்ந்துகொண்டாள். அடுத்த கடை என்று ஒன்று வரும் என்பதை அந்தக் கப்பலில் நம்பியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். அப்புத்துரை அதற்குப் பிறகு சிரித்ததில்லை. காசு வாங்கிப் போடுகிற பட்டறையில் இருக்கமாட்டேன், தேத்தண்ணி மட்டும் ஆற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

யோகம்மாவின் சீதனக் காணி ஒரு துண்டு பஸ் திரும்புகிற முடக்கில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்சால் காலை இறக்கும்போது முதலில் பார்க்கிற இடம் அதுதான். பரமலிங்கத்தாரும் அந்த இடத்தை நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஆனித் திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் கடை திறந்துவிடவேண்டும் என்று அவள் சங்கத்துக்குப் போனாள். தலைவர் அவளுடைய விண்ணப்பத்தை மிகவும் அனுதாபத்தோடு பரிசீலித்தார். ‘ஸ்ரோர்ஸ்’ போய்விட்டது. ‘ரேடிங்’ என்றால் மொத்த வியாபாரம் வேண்டும். ‘ஏஜென்சி’ என்றால் யாருக்கு ஏஜென்ற் என்று காட்டவேண்டும். ‘ஹொட்டேல்’ என்று போட்டுவிட்டு, யாரும் படுக்க அறை கேட்டால் சங்கத்தின் மானம் என்னாவது? ‘எம்போரியம்’ என்று அவள் கேட்டபோது, அது பெண்பிள்ளைகள் கல்லாவில் இருக்கிற கடைக்குப் பாரமான சொல் என்றார். சைக்கிள் ஒட்டுகிற மோட்டோர்ஸ்காரர் பக்கத்திலிருந்து ஓமோம் என்று தலையாட்டினார்.

எல்லாக் கதவும் சாத்தியான பிறகு தலைவர் ஒரு கதவைத் தாமே திறந்துவிட்டார்.

“உமக்கு ஒரு வழி இருக்குப் பிள்ளை. ‘நாகபூஷணி இன்ரர்நஷனல் கிளை’ எண்டு போடும். நான் ஆட்சேபிக்கமாட்டன்.”

யோகம்மா வீட்டுக்கு வந்து அதை அப்புத்துரையிடம் சொன்னாள். கிளை என்று போட்டால் கடை யாருடையது என்று அவர் கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் கேட்ட நீளமான கேள்வி அது. அவளுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எரித்தவர்கள் ஒரு கடையைக் கொண்டுபோனார்கள். இன்னொன்றை ஒரு சொல்லால் கொடுத்துவிட அவள் ஆயத்தமாக இல்லை.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் கரம்பொன்னிலிருந்து சில்வெஸ்ரர் வந்தார். தீவுப்பகுதியில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதும், மாதா சுரூபங்களுக்கு நீலம் பூசுவதும், கடைப் பலகைகள் எழுதுவதும் அவர்தான். அம்மாளின் பெயரை என்னளவு எழுதின சைவக்காரர் இஞ்சை ஆரும் இல்லை என்று பெருமை பேசுகிற வேதக்காரர். பலகையின் இடப்பாதியில் நாகபூஷணி என்று சிவப்பில் எழுதி, மஞ்சளில் கரை கட்டி, பிறஸ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வலப்பாதி வெள்ளையாகக் கிடந்தது.

“அக்கா, இது வாலுக்கு விட்ட இடம். இஞ்சை எல்லாரும் பேரைவிட வாலைப் பெரிசாத்தான் கேக்கிறவை.”

யோகம்மா அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் இருந்த பலகைகளைப் பார்த்தாள். சன்ஸ், பிறதர்ஸ், கோ, மோட்டோர்ஸ், கூல், இன்ரர்நஷனல். ஒன்றாவது உண்மையாக இல்லை.

“பிறஸ்சைக் கழுவும், சில்வெஸ்ரர்.”

“அப்ப வால்?”

“வால் இல்லை. உப்பிடியே தூக்கிக் கட்டும்.”

“அரைப் பலகை சும்மாவெல்லோ கிடக்கப்போகுது. பாக்கிற சனம் பெயின்ரர் இடையிலை செத்துப்போனான் எண்டு நினைக்கும்.”

கேத்திலடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்து யோகம்மா திரும்பினாள். அப்புத்துரை சிரித்துக்கொண்டிருந்தார்.

பலகை ஏறிச் சிறிது நேரத்துக்குள் பரமலிங்கத்தார் குடையோடு வந்து நின்றார். அரைகுறைப் பலகையைத் தொங்கவிடுவது துறைக்கே அவமானம் என்றார். யோகம்மா வெளியே வந்து, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“உங்கடை தீர்மானப்படி ஆற்றையும் வாலை நான் தொடேல்லை, அண்ணை. ஒண்டும் இல்லாததை ஆரும் முந்தியே எடுத்து வைச்சிருக்கினமோ?”

கச்சேரியில் முப்பது வருடம் குந்தியிருந்த மனிதருக்கு, தாமே எழுதிய சட்டத்தை மீறச் சட்டத்தில் இடமில்லை என்பது புரிந்தது. ஆகவே இதை ஆராய ஓர் உபகுழு நியமித்தார். உபகுழுவில் அவரும் கதிரையும் இருந்தார்கள். திருவிழா முடிந்தபிறகு அறிக்கை வரும் என்றும், அதுவரை இருப்பது இருந்தபடி இருக்கும் என்றும் அறிவித்தார். இருந்தபடி என்றால் மூட்டை இறங்கும், கடை திறக்கும். இதை அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்திருப்பார்.

கொடி ஏறியது. முதல் இரண்டு நாளும் சனம் அந்த வெறும்பாதிப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏன் பிள்ளை மிச்சம் எழுதேல்லை என்று கேட்க உள்ளே வந்தது. கேட்க வந்த வாய் தேத்தண்ணி குடித்தது, வடை தின்றது, கற்பூரமும் தேங்காயும் வாங்கியது. மூன்றாம் நாள் பஸ் கொண்டக்ரர் முடக்கில் வைத்து, வாலில்லாத கடையடி இறங்கிறாக்கள் இறங்குங்கோ என்று கத்தத் தொடங்கினான். லோஞ்ச்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ‘இன்ரர்நஷனல்’ என்று எவரும் ஒருநாளும் கத்தியதில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் லோஞ்ச் பாதிக் கடல் போய்விடும்.

பரமலிங்கத்தார் காதில் இது விழுந்தது. அவர் அதைக் கேட்கவில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

தேரன்று துறையில் எள்ளுப் போட இடமில்லை. சங்கத்தின் கொட்டிலில் ஒலிபெருக்கி, அதன் முன்னால் கைபிடிக் கதிரை, கதிரையில் தலைவர். கூட்டத்தில் காணாமற்போனவர்களைக் கூப்பிடுகிற உரிமையை அவர் யாருக்கும் விடுவதில்லை. அவருடைய அழைப்பின்பேரில் கொழும்பிலிருந்து ஓர் உதவிப் பணிப்பாளர் வந்திருந்தார். எந்தத் திணைக்களத்துக்கு என்று தலைவர் விசாரிக்கவில்லை. பணிப்பாளர் என்ற சொல்லே அவருக்கு வயிறு நிறையப் போதும். மாலை போட்டாயிற்று. முன்வரிசை வாங்கிலில் அவர்களுக்கு இடம் பிடித்துவைத்த லோஞ்சும் ஆயத்தம். அந்த நேரம் பார்த்து பணிப்பாளரின் மனைவியைக் காணவில்லை.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார். பணிப்பாளரின் பாரியார் உடனடியாக நாகபூஷணி இன்ரர்நஷனல் முன்றலுக்கு எழுந்தருளுமாறு கேட்டுக்கொண்டார். சோளகக் காற்று, பக்கத்தில் லோஞ்ச் இயந்திரங்கள். நாகபூஷணி வரைக்கும் காற்றில் வந்தது. இன்ரர்நஷனலைக் கடல் கொண்டுபோனது. அந்த அம்மா ஸ்ரோர்சுக்குப் போனார். அங்கே இல்லையென்று சன்சுக்குப் போனார். பிறதர்சில் மூத்தவர் கிழக்கே கையைக் காட்ட, இளையவர் அதற்காகவே மேற்கே காட்டினார். அந்த அம்மா மோட்டோர்சில் நின்றபோது, தேடிப் போன பணிப்பாளர் கூல் பாரில் நின்றார். அம்மா கூல் பாருக்கு வந்தபோது பணிப்பாளர் வெந்துபோய்க் கொட்டிலுக்குத் திரும்பியிருந்தார். தலைவர் இன்ரர்நஷனலை இன்னும் அழுத்திச் சொன்னார், பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னார். லோஞ்ச் ஊதியது.

வரிசையில் நின்ற சனம் பொறுமை இழந்தது. வாலில்லாத கடைக்கு வரச் சொல்லுங்கோவன் என்று ஒருவர் சொல்ல, அது வரிசை முழுக்க ஓடியது. தலைவர் காது கேளாதவராகத் தன் கடையின் விளக்குச் சிமினிகளின் பக்கம் பார்த்தார். கடைசியில் பணிப்பாளரே ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே தள்ளினார்.

“ஐசே, பஸ்சாலை இறங்கேக்கை நாங்கள் எல்லாரும் கண்டது அந்த ஒண்டும் எழுதாத போர்டைத்தானே. அதைச் சொல்லும்.”

தலைவர் செருமினார். பெயர்ப்பலகையின் பிற்பகுதியில் யாதொன்றும் பொறிக்கப்படாத நாகபூஷணி என்று தொடங்கினார். சனம் ஓவென்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார்.

“வாலில்லாத நாகபூஷணிக்கு வாருங்கோ.”

துறை முழுக்கக் கைதட்டியது. யோகம்மா கடைக்குள் நின்று அதைக் கேட்டாள். ஒலிபெருக்கியில் தன் கடையின் பெயர், அதுவும் அந்த வாயால். கையில் இருந்த தேங்காயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புத்துரை கேத்திலை இறக்கி வைத்துவிட்டு, ஒருவரும் சொல்லாமல், போய்ப் பட்டறையில் இருந்து கற்பூரம் விற்கத் தொடங்கினார். லோஞ்ச் இரண்டாம் முறை ஊதுமுன் பணிப்பாளரின் மனைவி வந்து சேர்ந்தார்; அவரைத் தேடிப் பணிப்பாளர் வந்தபோது அவர் மூன்றாவது வடையில் இருந்தார்.

அன்று காணாமற்போன எல்லாரையும் தலைவர் அங்கேதான் கூப்பிடவேண்டியிருந்தது. வேறெங்கு கூப்பிட்டாலும் சனம் விடவில்லை.

தீர்த்தம் முடிந்து துறை வெறிச்சோடிய வாரம், சில்வெஸ்ரருக்கு வேலை குவிந்தது. கூல் பார் கூலையும் பாரையும் அழிக்கச் சொன்னது. அன் கோ தன் கொம்பனியைக் கலைக்க ஆயத்தமாயிற்று. பிறதர்ஸ் இருவரும் வாலை வெட்டுவது பற்றி நேருக்கு நேர் கதைத்தார்கள் என்ற செய்தி தேரைவிடப் பெரிய அதிசயமாகப் புங்குடுதீவு முழுக்கப் பரவியது. ஆனால் சில்வெஸ்ரர் பெயின்ற் பேணியைத் திறக்காமல் தீர்மானத்தை நினைவூட்டினார்: ஒருவர் சூட்டியதை மற்றொருவர் சூட்டலாகாது. இல்லாத வால் இப்போது யோகம்மாக்காவுடையது.

அன்று பின்னேரம் பரமலிங்கத்தார் வந்தார். கதிரை வரவில்லை. நின்று பார்த்தார், பிறகு சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். உபகுழுவின் அறிக்கை அவளுக்குச் சாதகம் என்றார். சங்கத்தின் பொதுநலன் என்றார், காலத்தின் போக்கு என்றார், சுற்றி வளைத்துச் சொந்தக் கடைவாசலுக்கு வந்து சேர்ந்தார்.

“எங்கடை இன்ரர்நஷனலையும் எடுத்துவிடலாம் எண்டு யோசிக்கிறன். அதுக்கு நீர் சம்மதிக்கவேணும்.”

யோகம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். அவருடைய விண்ணப்பத்தை மிகவும் அனுதாபத்தோடு பரிசீலித்தாள். பட்டறையிலிருந்து அப்புத்துரை தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“உங்களுக்கு ஒரு வழி இருக்கு, அண்ணை,” என்றாள். “‘வாலில்லாத நாகபூஷணி கிளை’ எண்டு போடுங்கோ. நான் ஆட்சேபிக்கமாட்டன்.”